மலைத் தோட்டத்துச் செடிகளும் வீட்டுப் பூனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் நாலு தொட்டியாவது இல்லாத வாசலைப் பார்ப்பது அரிது. கீழே சமவெளியில் பாடுபட்டாலும் வராத பூச்செடிகள் இந்தக் குளிரில் தானாகச் செழிக்கும். அவற்றில் கணிசமானவை பூனைக்கு ஆகாதவை. ஆனால் 'நச்சுச் செடிகள்' என்று வரும் நீண்ட பட்டியல்கள் உயிரைப் பறிக்கும் செடியையும் ஒரு வாந்தியோடு போகிற செடியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுகின்றன. படிப்பவர் ஒன்று எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார், அல்லது எதற்கும் பயப்படாமல் விட்டுவிடுகிறார். அதனால் இந்தப் பக்கத்தில் அபாயத்தின் அளவைப் பொறுத்தே விளக்கம் நீள்கிறது.

எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது. தோட்டத்திலிருந்து ஒரே ஒரு செடியைத்தான் எடுக்க முடியும் என்றால் எதை எடுப்பது?

லில்லியை. இதில் இரண்டாவது யோசனைக்கே இடமில்லை. லிலியம் இனத்தைச் சேர்ந்த எல்லா லில்லிகளும் (ஏசியாட்டிக், ஓரியண்டல், ஈஸ்டர் லில்லி, புலிவரி லில்லி), டே லில்லி எனப்படும் ஹெமரோகாலிஸும் பூனையின் சிறுநீரகத்தை நேராகத் தாக்குகின்றன. இலை, தண்டு, இதழ், மகரந்தம், கிழங்கு எல்லாமே நஞ்சு. பூ வைத்த ஜாடியின் தண்ணீரும் நஞ்சு. ஓர் இலையைக் கடித்தது, ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கியது, இவ்வளவே ஒரு வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும். நாய் இதே பூவைத் தின்றால் வயிறு கலங்கும், அதன் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது. அதனால் 'எங்கள் நாய் தின்றதே, ஒன்றும் ஆகவில்லையே' என்ற அனுபவத்தை வைத்துப் பூனைக்குத் தைரியம் கொள்ளக் கூடாது.

மலையில் இந்தப் பூ மூன்று வழியில் வீட்டுக்குள் வருகிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பசுமைக்குடில்களில் கொய்மலராக வளர்க்கும் லிலியம் பொக்கேக்களில் வரும். மே மாத மலர்க்கண்காட்சிச் சமயத்தில் நர்சரிகளில் தொட்டியாகவும் கிழங்காகவும் விற்கும். ஈஸ்டருக்குத் தேவாலயத்தில் அலங்கரித்த பூக்களை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். காட்டிலும் ஒன்று உண்டு: நீலகிரி, பழனி மலைகளின் புல்சரிவுகளில் மழைக்காலத்தில் நீண்ட வெள்ளைக் குழல்போலப் பூக்கும் நீலகிரி லில்லி. அதுவும் லிலியம் இனம்தான். காட்டில் இருக்கும்வரை அதனால் பூனைக்குத் தொல்லை இல்லை. பறித்து வந்து மேசையில் வைத்தால் தொல்லை. அது அருகிவரும் செடி என்பதால் பறிக்காமலிருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது.

லில்லி என்ற பெயரில் எங்கள் தோட்டத்தில் ஐந்தாறு செடி இருக்கிறதே, எல்லாமே அப்படியா?

இல்லை. இவற்றைப் பிரித்தறிவது ரொம்ப முக்கியம், ஏனென்றால் சிகிச்சையே மாறும்.

உண்மையான லில்லி: தரையிலிருந்து ஒற்றைத் தண்டு நிமிர்ந்து வரும், தண்டு நெடுக இலைகள் இருக்கும், உச்சியில் ஆறு இதழோடு பெரிய பூ. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தப்பைகள் பழுப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும், தொட்டால் விரலில் சாயம்போல ஒட்டும். கிழங்கைப் பிரித்தால் பூண்டுப்பல்போலச் செதில் செதிலாக வரும்.

டே லில்லி: அடியிலிருந்தே விசிறிபோல நீண்ட நாடா இலைகள்; இலையில்லாத தண்டில் மஞ்சள், ஆரஞ்சு, செந்நிறப் பூக்கள். ஒவ்வொரு பூவும் ஒரே நாளில் வாடும். பராமரிப்பே கேட்காது என்பதால் பங்களா ஓரங்களிலும் விடுதி நடைபாதைகளிலும் வரிசையாக நட்டிருப்பார்கள். பூக்காத காலத்தில் வெறும் புல்தூறு மாதிரி தெரியும். பூனையும் புல்லென்று நினைத்தே கடிக்கும்.

இந்த இரண்டும்தான் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. மற்றவை வேறு ரகம்.

ஓடை ஓரத்திலும் சதுப்பிலும் தானாக மண்டிக் கிடக்கும் வெள்ளைப் புனல் வடிவப் பூ ஆரம் லில்லி, கால்லா என்றும் சொல்வார்கள். அம்புமுனை வடிவ இலை, பூ நடுவே மஞ்சள் குச்சி. இதில் இருப்பது ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். பச்சைச் சேப்பங்கிழங்கைக் கடித்தால் நாக்கு அரிப்பதும் இதனால்தான். பூனை கடித்த மறுகணமே எச்சில் ஒழுக்கும், வாயை முன்னங்காலால் பிறாண்டும். அதற்கு மேல் தின்னாது. வீட்டுக்குள் வளர்க்கும் பீஸ் லில்லியும் இதே வகை. நீல உருண்டையாகப் பூக்கும் அகபாந்தஸ் வயிற்றைக் கலக்கும். ஆரஞ்சு கிளைவியாவிலும் ஹிப்பியாஸ்ட்ரத்திலும் (கடைகளில் அமரில்லிஸ் என்பார்கள்) வாந்தி எடுக்க வைக்கும் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கில் அதிகம், இலையில் குறைவு. டாஃபோடில் கிழங்கும் அப்படித்தான். பொக்கேயில் வரும் ஆல்ஸ்ட்ரோமீரியாவை 'பெரு லில்லி' என்பார்கள். அது லேசான வயிற்றுக்கோளாறு மட்டும்.

செங்காந்தள் தனிக்கதை. பழனி மலை அடிவாரத்தில் ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிரிடும் கண்வலிக்கிழங்கு இதுதான். இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பியாக இருப்பதை வைத்து அடையாளம் காணலாம். கோல்சிசின் என்ற கடும் நஞ்சு இதில் உண்டு: சில மணி நேரத்தில் வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, பிறகு எலும்பு மஜ்ஜை உட்படப் பல உறுப்புகள் பழுதாகும். லில்லிக்கு அடுத்த அபாயம் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூனை தின்னவில்லை. மூக்கிலும் தோளிலும் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். என்ன செய்ய?

தின்றதாகவே எண்ணிச் செயல்படுங்கள். பூனை தன் ரோமத்தை விடாமல் நக்கும் பிராணி. அடுத்த கால் மணியில் அந்தப் பொடி வயிற்றுக்குள் இருக்கும்.

முதலில் ஒரு துண்டில் தலை மட்டும் தெரியும்படி பூனையைச் சுற்றிப் பிடியுங்கள், நக்க முடியாதபடி. பொடியைக் கையால் தேய்க்க வேண்டாம், தேய்த்தால் பரவும். செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள், அல்லது ஈரத்துணியால் ஒரே திசையில் வழித்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் துணியை மடித்துப் புதுப்பக்கம் வையுங்கள். அதன் பிறகு வெதுவெதுப்பான நீரில் அந்த இடத்தைக் கழுவித் துவட்டுங்கள். இங்குள்ள குளிரில் நனைந்த பூனை சீக்கிரம் விறைத்துவிடும். துவட்டி, உலர்ந்த துண்டில் சுற்றி, கூடையில் வைத்து மருத்துவரிடம் புறப்படுங்கள். இவை எல்லாம் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கழுவிவிட்டோம் என்பதால் மருத்துவரிடம் போகாமல் இருக்கக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று கண்ணால் சொல்ல முடியாது.

இரண்டு தடவை வாந்தி எடுத்தது, இப்போது நன்றாக விளையாடுகிறது. இன்னும் காத்திருந்து பார்க்கலாமா?

கூடாது. லில்லி விஷயத்தில் அதிகம் பூனைகள் செத்துப்போவது இந்த இடைவெளியில்தான்.

தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, எச்சில், சோர்வு வரும். பாதி நாளில் வாந்தி நின்று பூனை தேறியதுபோல் தெரியும். உள்ளே சிறுநீரகக் குழாய்களின் செல்கள் அந்த நேரத்தில் செத்துக்கொண்டிருக்கும். ஒன்றரை நாளுக்குள் நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழிக்கும். அதன் பிறகு சிறுநீர் குறைந்து, நின்றே போகும். மீண்டும் வாந்தி, வாய் துர்நாற்றம், படுத்த படுக்கை. சிகிச்சையில்லாமல் விட்டால் மூன்று முதல் ஏழு நாளில் உயிர் போய்விடும்.

தின்ற 18 மணி நேரத்துக்குள், சிறுநீர் நிற்பதற்கு முன், நரம்பு வழியாக நீர்மம் ஏற்ற ஆரம்பித்தால் பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன. சிறுநீர் நின்ற பிறகு வந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே 'நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்பதை இந்த ஒரு செடிக்குச் சொல்லவே வேண்டாம்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? எங்கள் ஊரில் பெரிய வசதி இல்லை.

இதற்கு எதிர்மருந்து கிடையாது. ஆனால் தேவையானது பெரிய கருவியும் அல்ல. தின்று கொஞ்ச நேரமே ஆகியிருந்தால் மருத்துவர் ஊசி மூலம் வாந்தி எடுக்க வைப்பார், கரிப்பொடி கொடுப்பார். பிறகு 48 முதல் 72 மணி நேரம் வரை டிரிப்ஸ். வழக்கமான தேவையைப்போல இருமடங்கு வேகத்தில் நீர்மம் போக வேண்டும். நாலு கிலோ பூனைக்கு இது மணிக்கு ஏறத்தாழ 20 மில்லி, அதாவது 500 மில்லி பாட்டில் ஒன்று ஒரு நாளுக்கு. நீர்மம் செலுத்தும் கருவி இல்லாத இடத்திலும், குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் மைக்ரோ டிரிப் செட்டில் (60 சொட்டு ஒரு மில்லி) நிமிடத்துக்கு 20 சொட்டு என்று வைத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும். வேகம் கூடிப்போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அதனால் இதை மருத்துவரே முடிவு செய்து கண்காணிக்க வேண்டும். மூச்சு வேகமாகிறதா என்று பார்க்கவும் சிறுநீர் போகிறதா என்று குறிக்கவும் நீங்கள் கூட இருந்து உதவலாம்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், யூரியா இரத்தப் பரிசோதனை வந்தவுடன் ஒன்று, பிறகு 24, 48, 72 மணி நேரத்தில் ஒவ்வொன்று. முதல் சோதனை சரியாக இருந்தது என்று டிரிப்ஸை நிறுத்திவிடக் கூடாது. கிரியாட்டினின் ஏறவே நேரமாகும். 72 மணி நேரச் சோதனையும் சரியாக இருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு அழைத்துவரலாம்.

தொடர்ந்து மூன்று நாள் டிரிப்ஸ் வைக்க உள்ளூரில் வழியில்லை என்றால், முதல் டோஸை உள்ளூரில் ஏற்றிவிட்டு, ஊசிக்குழாயை அப்படியே வைத்துக் கட்டிக் கீழே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நீலகிரியிலிருந்து கோவை, கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல், மதுரை. தேனியிலும் உடுமலைப்பேட்டையிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண்சரிந்தால் பாதி நாள் போய்விடும். கீழே போவதா வேண்டாமா என்ற முடிவை முதல் இரண்டு மணி நேரத்தில் எடுங்கள். எந்த மருத்துவர் இரவில் தொலைபேசி எடுப்பார் என்பதைப் பூனை நன்றாக இருக்கும் நாளிலேயே விசாரித்து எழுதி வைப்பது நல்லது.

வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

வேண்டாம். உப்புக் கரைசல் பூனையின் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பு வரை கொண்டுபோகும். ஹைட்ரஜன் பெராக்சைடு நாய்க்குச் சில சமயம் சொல்லப்படுவது. பூனைக்குக் கொடுத்தால் இரைப்பை புண்ணாகி இரத்தம் கசியும். புளித்தண்ணீர், விளக்கெண்ணெய், தொண்டையில் விரல் விடுவது எதுவும் உதவாது. மூச்சுக்குழலில் போனால் நிமோனியா. பாராசிட்டமால் மாத்திரையை எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும்.

நீங்கள் செய்ய வேண்டியது: வாயில் மிச்சமிருக்கும் இலையை எடுப்பது, செடியின் ஒரு கிளையைப் பூவோடு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொள்வது, வாந்தி எடுத்திருந்தால் அதைப் படம் பிடிப்பது, எத்தனை மணிக்கு என்று குறிப்பது, பூனையின் எடை தெரிந்தால் சொல்வது.

ஆரம் லில்லி, மணிபிளான்ட், டிஃபன்பாக்கியா போன்ற அரிக்கும் செடிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. அப்போது ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிட்டு, ஒரு தேக்கரண்டி பாலோ தயிரோ நக்கக் கொடுக்கலாம்; படிகங்களைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். தொண்டை வீங்கி மூச்சு இழுத்தால் உடனே மருத்துவர்.

வேலி ஓரத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தைப்பூ மரம் இருக்கிறது. வெட்டிவிடலாமா?

புருக்மான்சியா எனப்படும் இந்த மரம் மலைச்சாலை எங்கும் வெள்ளை, ரோஜா, மஞ்சள் நிறத்தில் தொங்குவதைப் பார்க்கலாம். ஊமத்தையின் உறவு, அதே அட்ரோபின், ஸ்கோபோலமின் நஞ்சுகள். பூ, விதை, இலை எல்லாவற்றிலும் உண்டு. தின்ற பூனைக்குக் கண்ணின் பாவை முழுக்க விரிந்து வெளிச்சத்திலும் சுருங்காது. வாய் உலர்ந்து இதயம் படபடக்கும். தள்ளாடும், இல்லாததைத் துரத்தும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். இருட்டான அமைதியான பெட்டியில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பயந்த நிலையில் கடிக்கும், எனவே வெறுங்கையால் தூக்காதீர்கள்.

ஆனால் இதன் இலை கசப்பு, நாற்றம் வேறு. பெரிய பூனைகள் சீந்துவதில்லை. குட்டிகள்தான் கீழே விழுந்த வாடிய பூவை உருட்டி விளையாடும்போது மெல்லும். வெட்டியே ஆக வேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். வீட்டில் குட்டி இருக்கும் மாதங்களில் விழுந்த பூக்களைத் தினமும் கூட்டி அள்ளினால் போதும். கிளை வெட்டினால் கையுறை போடுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

இதயத்தைத் தாக்கும் செடிகள் எவை?

ஃபாக்ஸ்குளோவ் (டிஜிடாலிஸ்): உயரமான தண்டில் ஒருபக்கமாக மணிமணியாகத் தொங்கும், உள்ளே புள்ளிகள் இருக்கும். பூக்காத முதல் வருடத்தில் தரையோடு படர்ந்த ரோம இலைகளாகவே இருக்கும், அதனால் தெரியாமல் போகும். அரளி, பொன்னரளி: ஊட்டியின் உயரத்தில் குறைவு, குன்னூருக்குக் கீழும் பழனி மலைச் சரிவுகளிலும் அதிகம், உலர்ந்த இலையிலும் நஞ்சு அப்படியே இருக்கும். கலாஞ்சோ: சின்னத் தொட்டியில் கொத்துக் கொத்தாகப் பூத்து ஜன்னலில் இருப்பது, பூத்தண்டில்தான் நஞ்சு அதிகம். மூன்றிலும் வாந்தியோடு தொடங்கி, இதயத்துடிப்பு மெதுவாகவோ தாறுமாறாகவோ ஆகும். துடிப்பை இ.சி.ஜி. பார்த்து மருந்து கொடுக்க வேண்டும் என்பதால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

அசேலியாவும் ரோடோடென்ட்ரானும் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகின்றன: கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு இரத்த அழுத்தத்தையும் துடிப்பையும் தாழ்த்தும். இரண்டு மூன்று இலையே போதும். சோலை ஓரங்களில் குளிர்காலத்தில் சிவப்பாகப் பூக்கும் காட்டு ரோடோடென்ட்ரானின் இலை தோல்போலத் தடிமன், பூனை கடிப்பதில்லை. தொட்டியில் வளரும் அசேலியாவின் இலை மெல்லியது. கவலை அதைப் பற்றித்தான்.

சைகஸ் இதயத்தை அல்ல, கல்லீரலைக் கெடுக்கும். பனங்கன்று மாதிரி தொட்டியில் நிற்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. விதையில் நஞ்சு மிக அதிகம். பூனை இருக்கும் வீட்டில் இதற்கு வேலையில்லை.

ஹைட்ரேஞ்சியா, ஜெரேனியம், சாமந்தி, பாயின்செட்டியா?

ஹைட்ரேஞ்சியாவின் மொட்டிலும் இலையிலும் சயனைடு வெளிவிடும் பொருள் உண்டு என்றாலும் பூனை தின்னும் அளவுக்கு வாந்தி, பேதியோடு நின்றுவிடும். ஜெரேனியம், சாமந்தி, டாலியா, கார்னேஷன், பிகோனியா இவையெல்லாம் வயிறு கலங்குதல் அல்லது தோல் அரிப்பு ரகம். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவக்கும் பாயின்செட்டியா பெயர் கெட்ட அளவுக்கு மோசமில்லை. செடியின் பால் பட்டால் வாய் எரியும், அவ்வளவே. சிக்ளமன் கிழங்கு மட்டும் மோசம், தொட்டியைக் கிளறும் பூனைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு தடவை வாந்தி எடுத்து, பிறகு தண்ணீர் குடித்து, விளையாடினால் ஒரு நாள் கவனித்தால் போதும். நாலைந்து தடவை தொடர்ந்தாலோ தண்ணீரும் தங்காவிட்டாலோ போய்க் காட்டுங்கள்.

டிசம்பரில் தொட்டிகளை உள்ளே எடுத்து வைத்தால்தான் பூனை கடிக்கிறது. ஏன்?

உறைபனிக்குப் பயந்து செடியும் உள்ளே, குளிருக்குப் பயந்து பூனையும் உள்ளே. வெளியே போனால் புல் மேயும் பூனைக்கு உள்ளே பச்சை என்று இருப்பது உங்கள் தொட்டிகள் மட்டும். பூனை புல் தின்பது நோயால் அல்ல, அதன் இயல்பு. அந்த இயல்புக்கு வேறொன்றைக் கொடுக்க வேண்டும்.

ஒரு சாண் அகலத் தொட்டியில் முக்கால் பங்கு மண் நிரப்புங்கள். ஒரு கைப்பிடி கோதுமையை இரவு ஊறவைத்து, நெருக்கமாகப் பரப்பி, மேலே ஒரு விரல் அகலத்தில் பாதிக்கு மண் தூவி, ஈரத்துணி போட்டு அடுப்பங்கரையில் வையுங்கள். முளை தெரிந்ததும் துணியை எடுத்து ஜன்னலுக்கு மாற்றலாம். சமவெளியில் மூன்று நாளில் முளைப்பது ஊட்டிக் குளிரில் ஒரு வாரம் வரை இழுக்கும். விரல் நீளம் வளர்ந்ததும் பூனையிடம் வையுங்கள். இரண்டு வாரத்தில் மஞ்சளாகும். அதனால் பத்து நாளுக்கு ஒன்றாக இரண்டு தொட்டிகளை மாற்றி மாற்றி விதையுங்கள். கோதுமையை மளிகைக் கடையில் வாங்குங்கள். விதைக்கடையில் வாங்கினால் ரோஸ் அல்லது பச்சைச் சாயத்தோடு பூஞ்சைக்கொல்லி தடவியிருக்கும். நீர் அதிகமாகி அடியில் வெள்ளைப் பூஞ்சை வந்தால் அந்தத் தொட்டியைக் கொட்டிவிடுங்கள். கேழ்வரகும் முளைக்கும், ஆனால் இலை மெல்லியது, சீக்கிரம் சாய்ந்துவிடும்.

மலைப்பூண்டு போட்டிருக்கிறோம். உருளைக்கிழங்கும் இருக்கிறது. அதனால் ஏதும்?

பூண்டு, வெங்காயம் எல்லாமே பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு 5 கிராம் வெங்காயமே இரத்தத்தில் மாற்றம் காட்டப் போதும்; பூண்டு அதைவிடப் பலமடங்கு வீரியம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் காரமும் நெடியும் தெரிந்ததுதான். பூனை வயலில் இறங்கிப் பூண்டு தின்னாது. வீட்டில் பூண்டு தட்டிப்போட்ட குழம்பு, வெங்காயம் வதக்கிய கறி இவற்றைச் சோற்றில் பிசைந்து வைப்பதால்தான் வருகிறது. ஓரிரு நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் பழுப்பாகி, மூச்சு வாங்கும். பூனைக்கான மீனையும் கறியையும் தாளிப்பதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.

உருளை, தக்காளிச் செடியின் இலையிலும் பச்சை பிடித்த கிழங்கிலும் சோலனின் என்ற நஞ்சு உண்டு. பூனை தின்பது அரிது.

நீலகிரித் தைலம் பூனைக்கு ஆகுமா? சளிக்கு லேசாகத் தடவலாம் என்கிறார்களே.

தடவக் கூடாது. செடியைவிட அதை வடித்த எண்ணெய் பலமடங்கு செறிவு. பூனையின் கல்லீரலில் இதுபோன்ற பொருள்களைச் சிதைக்கும் நொதி மிகக் குறைவு. நமக்கு ஒரு சில மணியில் வெளியேறுவது அதன் உடலில் தேங்கும். தோலில் தடவினாலும் உறிஞ்சும், நக்கியும் உள்ளே போகும். எச்சில், தள்ளாட்டம், நடுக்கம், மயக்கம் என்று போகும். ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் விண்டர்கிரீன் தைலம் அதைவிட மோசம்: அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய சொந்தம். பூனையின் உடல் சாலிசிலேட்டை நாயைவிடப் பன்மடங்கு மெதுவாகத்தான் வெளியேற்றும். மூட்டுவலிக்குத் தேய்த்துக்கொண்ட காலில் பூனை உரசிப் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிட்ரியோடோரா (எலுமிச்சை மணம் வீசும் யூகலிப்டஸ்), ஜெரேனியம், புல்தைலம் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

பூனை மீது கொட்டிவிட்டால் வெறும் தண்ணீர் போதாது, எண்ணெய் போகாது. பாத்திரம் கழுவும் திரவ சோப்பை வெதுவெதுப்பான நீரில் கலந்து இரண்டு தடவை அலசி, உடனே துவட்டி, சூடான அறையில் வையுங்கள். பிறகு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நீங்கள் ஆவி பிடிக்கும்போது பூனை வேறு அறையில் இருக்கட்டும்.

உண்ணிக்காக நாய்க்கு விற்கும் பவுடரையும் சொட்டு மருந்தையும் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனைக்கு வலிப்பு வரும்.

செடி எல்லாம் சரி, உரமும் மருந்தும்?

ஆமணக்குப் புண்ணாக்கு என்றால் கவனம். சரியாகச் சூடேற்றப்படாத புண்ணாக்கில் ரிசின் நஞ்சு மிஞ்சியிருக்கும், வாசனை பிராணிகளை இழுக்கும். எலும்புத்தூளோடு கலந்து போட்டால் தோண்டித் தோண்டித் தின்னும். வேப்பம்புண்ணாக்குக்கு மாறுங்கள், அல்லது ஒரு சாண் ஆழத்தில் போட்டு மூடுங்கள். மழைக்காலத்தில் நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு உருண்டைகள் பூனைக்குக் கடும் நடுக்கத்தையும் காய்ச்சலையும் தரும். இரவில் டார்ச் வைத்து நத்தையைப் பொறுக்குவது சலிப்பான வேலைதான், ஆனால் பூனை உள்ள தோட்டத்துக்கு அதையே சொல்வோம்.

லில்லிக் கிழங்கை எப்படி முழுதாக எடுப்பது?

பூ வந்திருந்தால் முதலில் மகரந்தப்பைகளை ஈரத் தாளால் கிள்ளி எடுங்கள், வேலை செய்யும்போது உடையில் கொட்டாது. பிறகு தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித் தோட்ட முள்கரண்டியை இறக்கி, 20 செ.மீ. ஆழம்வரை மண்ணோடு பெயர்த்தெடுங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் செதில்கள் உதிர்ந்து மண்ணில் தங்கும். ஒவ்வொரு செதிலும் மறுவருடம் ஒரு புதுச் செடி. மண்ணைச் சல்லடையில் சலித்துவிடுங்கள். டே லில்லியின் வேர்த்திரள் கெட்டியானது, மண்வெட்டியால் சுற்றி வெட்டித்தான் எடுக்க முடியும். இரண்டையும் திறந்த உரக்குழியில் போடாதீர்கள். பூனை இல்லாத வீட்டுக்குக் கொடுக்கலாம், ஆனால் அண்டைவீட்டுக்கு வேண்டாம். உங்கள் பூனை அங்கேயும் போகும். அடுத்த இரண்டு மழைக்காலத்தில் அந்த இடத்தில் ஏதாவது முளைக்கிறதா என்று பாருங்கள்.

அந்த இடத்தில் என்ன நடலாம்?

மலைக்கு ஏற்ற நல்ல பூக்கள் நிறையவே இருக்கின்றன. ஃபியூஷியா முதல் தேர்வு: நிழலிலும் பூக்கும், பூனைக்குத் தீங்கில்லை, தேன்சிட்டும் வரும். ரோஜா, கமீலியா, டாக் ஃப்ளவர் (ஸ்நாப்டிராகன்), பான்சி, பெட்டூனியா, ஜின்னியா, காசித்தும்பை, காலெண்டுலா, நாஸ்டர்ஷியம், அலிசம், ஜெர்பெரா எல்லாம் பயமில்லாதவை. லில்லியின் உயரமும் கம்பீரமும் வேண்டும் என்றால் டாக் ஃப்ளவரின் உயர ரகத்தை நெருக்கி நடுங்கள். உள்ளே வைக்க ஆப்பிரிக்கன் வயலெட், ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் பெரணி, ஆர்க்கிட். கிளாடியோலஸ், ஐரிஸ், ஸ்வீட் பீ மூன்றையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவை வயிற்றுக்கு ஆகாது.

பொக்கே வாங்கும்போது 'லிலியம் வேண்டாம், வீட்டில் பூனை இருக்கிறது' என்று பூக்கடையில் சொல்லுங்கள். ரோஜாவும் ஜெர்பெராவும் வைத்துக் கட்டித் தருவார்கள். விருந்தாளி கொண்டுவந்த பூவில் லிலியம் இருந்தால் அதை மட்டும் உருவி, கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, ஜாடித் தண்ணீரையும் மாற்றுங்கள். மகரந்தப்பையை மட்டும் கிள்ளிவிட்டு வைத்துக்கொள்ளலாமா என்றால், கூடாது. இதழும் இலையும் அப்படியே நஞ்சுதான்.